பட்டா இல்லாத முனியாண்டி

2020 டிசம்பர் 3ஆம் தேதி, கோலக்கெடா தாமான் பெர்சத்துவில் இருந்த ஸ்ரீ ராஜ முனீஸ்வரர் கோவிலை அலோர் ஸ்டார் மாநகர் மன்றம் உடைத்தது. அதே ஆண்டு ஜூலையில் அலோர் ஸ்டார் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மதுரை வீரன் கோவிலும் இப்படித்தான் போனது. ம.இ.கா. கண்டித்தது. பதில் சொன்ன கெடா மந்திரி பெசார் முகமட் சனுசி, அந்தக் கட்சித் தலைவருக்குப் புகழ் போதை ஏறிவிட்டது என்று சொல்ல வந்து, கள்ளையும் 'கெத்தும்' என்கிற போதை இலையையும் பேச்சில் இழுத்தார். அடுத்த மாதம், 2021 ஜனவரி 20ஆம் தேதி, அந்த வருடத் தைப்பூசத்துக்குக் கெடாவில் விடுமுறை கிடையாது என்று அறிவித்தார். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு இருக்கிறது, ஊர்வலம் இல்லை, அதனால் விடுமுறையும் தேவையில்லை என்பது அவர் சொன்ன காரணம். மறு வருடம் 2022 ஜனவரி 18க்கு விடுமுறை திரும்ப வந்தது. அறிவித்தவரும் அவரேதான்.

அந்த நாட்களில் சுங்கைப்பட்டாணியில் நாலு பேர் கூடினால் இதுதான் பேச்சு. எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். "முன்னெல்லாம் இப்படி இல்லப்பா. எவ்வளவு ஒத்துமையா இருந்தோம்."

இருந்தோம், உண்மைதான். சித்ரா பௌர்ணமிக்குச் சுப்பிரமணிய சுவாமி தேவஸ்தான ரதம் வீதி வரும்போது சீனக் கடைக்காரர்கள் வாசலில் தேங்காயைக் குவித்து வைத்துக் காத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ரதத்துக்கு முன்னால் நடந்து வழி ஒதுக்கிக் கொடுத்தவர் மலாய்ப் போலீஸ்காரர். அந்த நினைவை யாரிடமிருந்தும் பிடுங்க நான் இதை எழுதவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஒற்றுமையில் நம் கையில் என்ன இருந்தது? தோட்டத் துரை நல்லவராக இருந்தால் கோவில் நின்றது. மந்திரி பெசார் நல்லவராக இருந்தால் விடுமுறை கிடைத்தது. ஆள் மாறியதும் எல்லாம் மாறியது. மேலே இருப்பவரின் மனசை நம்பி ஒரு சமூகம் நூறு வருடம் சாமி கும்பிட்டிருக்கிறது என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. சனுசி போனால் இன்னொருவர் வருவார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அப்போதும் நிலைமை இதுதான்.

நான் தனிமனித சுதந்திரவாதி. லிபர்டேரியன் என்று சொன்னால் நம் பக்கத்தில் பலருக்கு, பணக்காரனுக்கு வரி குறைக்கச் சொல்கிற கூட்டம் என்ற நினைப்புதான் வருகிறது. வரியைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். நான் பிடித்துக்கொண்டிருப்பது எளிய விஷயம். ஒருவருடைய உடம்பு, மனசாட்சி, உழைத்துச் சேர்த்த சொத்து மூன்றும் அவருக்குச் சொந்தம். அதில் கை வைக்க இன்னொருவருக்கு அதிகாரமில்லை. கை வைப்பவர் அரசாங்கமாக இருந்தாலும் சரி, ஊர்ப் பெரியவராக இருந்தாலும் சரி. மதத்துக்கும் இதே கணக்குதான். நீ எதை வேண்டுமானாலும் கும்பிடு, எதையும் கும்பிடாமலும் இரு. எனக்குப் பிடிக்காததைக் கும்பிடு. நான் அதைத் தடுக்க மாட்டேன். ஆனால் உன் நம்பிக்கைக்காக என்னைக் கட்டாயப்படுத்த வந்தால் அங்கே என் பொறுமை முடிந்துவிடும்.

இதை நம் நாட்டில் பிறந்த ஒருவரே பெரிய நூலாக எழுதியிருக்கிறார். சந்திரன் குக்கதாஸ், மலேசியாவில் பிறந்த அரசியல் தத்துவப் பேராசிரியர். லண்டனிலும் சிங்கப்பூரிலும் பாடம் சொன்னவர். 2003இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட 'தி லிபரல் ஆர்க்கிபெலகோ' அவருடையது. பலவகை மனிதர்கள் வாழும் நாட்டை அவர் ஒரு தீவுக் கூட்டமாகப் பார்க்கிறார். ஒவ்வொரு சமூகமும் ஒரு தீவு. உள்ளே தன் வழக்கப்படி நடந்துகொள்ளட்டும். அரசு உள்ளே புகுந்து எது நல்ல வாழ்க்கை என்று திருத்த வேண்டாம். ஒன்றை மட்டும் யாரும் தொடக் கூடாது: பிடிக்காதவர் தீவை விட்டுக் கிளம்பிப் போகும் உரிமை. கிளம்ப முடிந்தால் நீ அங்கே இருப்பது உன் விருப்பம், கிளம்ப முடியாவிட்டால் அது சிறை.

தோட்டத்தில் பிறந்தவன் இதைப் படித்தால் உடனே தன் தோட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். கெடா தோட்டங்கள் உண்மையிலேயே தீவுகளாகத்தான் இருந்தன. 1909இல் கெடா சயாம் கையிலிருந்து பிரிட்டிஷ் கைக்குப் போனது. பின்னாலேயே ரப்பர் விலை ஏறியது. கூலிம், பாடாங் செராய், பீடோங், கோலக்கெட்டில் என்று காடழித்துக்கொண்டே போனார்கள். கங்காணி ஊருக்குப் போய் ஆள் கூட்டி வந்தார். லயம், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, கோவில் எல்லாம் ஒரே வேலிக்குள். லயத்துப் பக்கம் மாரியம்மன், எல்லையில் ஒரு மரத்தடியில் முனியாண்டி. கோவில் இருந்தால் ஆள் தங்குவான் என்று நிர்வாகத்துக்கும் தெரியும். அதனால் கட்ட விட்டார்கள், சில இடங்களில் பலகையும் தகரமும் கொடுத்து உதவினார்கள். நிலத்தை மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு யாரும் கேட்கவும் இல்லை.

அந்தத் தீவுக்குள் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்துக் கடைசி லயத்தில் ஒரு பால்வெட்டுக் குடும்பம். மகனுக்கு நீண்ட நாள் உடம்பு சரியில்லாமல் இருந்து, டவுனில் ஒரு பெந்தெகோஸ்து ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். பிறகு அங்கேயே ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்தில் கோவில் பணம் சம்பளத்திலேயே பிடிப்பார்கள். கிராணி பட்டியலில் ஒரு கோடு போட்டால் முடிந்தது. அந்த வருடத் திருவிழாவுக்கு முன்னால் அவர் ஆபீசுக்குப் போய்ப் பிடிக்க வேண்டாம் என்று சொன்னார். கோவில் கூட்டத்தில் அவரை நிறுத்தி வைத்துக் கேட்டார்கள்.

"எல்லாரும் குடுக்கறாங்க. ஒனக்கு மட்டும் என்னா?"

"மண்டோரண்ணே, சாமிய நான் ஒரு வார்த்தை வையல. எங்காச பிடிக்காதீங்கன்னு சொல்றேன். அவ்வளவுதான்."

கூட்டம் முடிவு சொன்னது. இனி அந்த வீட்டுக் காரியத்துக்குக் கோவில் மேளம் போகாது. கோவில் அண்டா, குண்டான், பாய் எதுவும் கொடுக்கப்படாது. பிடித்தம் மட்டும் வழக்கம்போல் நடக்கும். மறுநாள் சாயங்காலம், யார் சொல்லிக் கொடுத்தார்களோ, நாலைந்து இளந்தாரிகள் பொதுக் குழாயடியில் நின்றுகொண்டு அந்த வீட்டுப் பெண் பிள்ளையைத் தண்ணீர் பிடிக்க விடவில்லை. அந்தப் பிள்ளை காலி வாளியோடு அப்படியே நின்றது. என் பாட்டி, தினம் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டவர், வீட்டிலிருந்து இறங்கிப் போனார். "ஏம்ப்பா, கொழா தொரை போட்டது. ஆத்தா போடல. தள்ளு, அது புடிச்சிட்டுப் போவட்டும்" என்றார். பிள்ளைகள் நகர்ந்துவிட்டார்கள்.

எந்தத் தத்துவ நூலும் படிக்காத அந்தக் கிழவி போட்ட கோட்டைத்தான் நானும் போடுவேன். மேளம் கோவிலுடையது. அதைத் தர மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. பேச மாட்டேன், விருந்துக்கு வர மாட்டேன் என்பதும் அவரவர் இஷ்டம். மனசுக்கு வலிக்கும், ஆனாலும் யாரையும் யாரோடும் பழகச் சொல்லி நாம் கட்டாயப்படுத்த முடியாது. குழாய் வேறு. சம்பளம் வேறு. ஒருவருடைய கூலியில் அவர் நம்பாத சாமிக்குப் பணம் பிடிப்பது, ஆபீசில் முத்திரை குத்திச் செய்தாலும், பறிப்புதான். நம் அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு இதை அரசாங்கத்துக்குத் தெளிவாகச் சொல்கிறது: வேறு மதத்துக்கென்று ஒதுக்கப்படும் வரியைக் கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அரசாங்கம் செய்தால் அநியாயம் என்பதைக் கோவில் கமிட்டி செய்தால் ஊர்க் கட்டுப்பாடு என்று எப்படிச் சொல்வது?

அந்தக் குடும்பம் பிறகு தோட்டத்தை விட்டே போய்விட்டது. குக்கதாஸ் சொல்லும் கிளம்பும் உரிமை அவர்களுக்கு இருந்தது, அதைப் பயன்படுத்தினார்கள் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் கிளம்பினபோது வீடு போனது, இரண்டு பேர் வேலை போனது, பிள்ளைகள் பள்ளி மாறினார்கள். குக்கதாஸை நான் மதிக்கிறேன், இந்த இடத்தில் மட்டும் அவரோடு முழுசாகப் போக முடியவில்லை. கதவு திறந்திருந்தால் போதாது, வெளியே போய் நிற்க ஒரு சாண் சொந்த நிலம் வேண்டும். வீடு முதலாளியுடையது, வேலை முதலாளியுடையது என்றால் மனசாட்சி மட்டும் எப்படி நமக்குச் சொந்தமாக இருக்கும்? பெண்களும் பிள்ளைகளும் நினைத்தபோது கிளம்ப முடியுமா என்று அவரிடம் பெண்ணியச் சிந்தனையாளர்கள் கேட்ட கேள்வியும் எனக்கு நியாயமாகவே படுகிறது.

கட்டாயம் என்றால் எப்போதும் கெட்ட நோக்கத்தோடு வரும் என்று நினைக்க வேண்டாம். போர் முடிந்த கையோடு, 1946, 47இல், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ.எம். சாமி நடத்திய தொண்டர் படை கெடா முழுக்கப் பரவியது. கள்ளை ஒழிப்பது அவர்கள் முதல் வேலை. கள்ளுக்கடை யாருடையது? தோட்ட நிர்வாகத்தின் ஏற்பாட்டில், அரசாங்க உரிமத்தோடு நடந்தது. காலையில் கொடுத்த கூலியைச் சாயங்காலம் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். அதன் வாசலில் மறியல் செய்தவர்களை நான் கும்பிடுகிறேன். போலீஸ் தடியடி நடத்தியது, டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கி சுட்டது, தொழிலாளர் உயிர் போனது. நம் தோட்ட வரலாற்றில் தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய அத்தியாயம் அது. ம.இ.கா. தலைவரைப் பார்த்துக் கள் போதை என்று ஒரு மந்திரி பெசார் பேசியபோது எனக்கு இந்தச் சாவுகள்தான் நினைவுக்கு வந்தன. இருந்தும் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. குடித்தவர்களைப் பிடித்து நிறுத்தித் தண்டித்த இடங்களும் அந்த இயக்கத்தில் இருந்தன. கடை வாசலில் நின்று குடிக்காதே என்று கெஞ்சலாம், பாடலாம், கூட்டம் போடலாம். குடித்தவன் மேல் கை வைத்த நிமிடம் அது வேறு விஷயமாகிவிடுகிறது.

இதே அளவுகோலை இன்றைக்கும் வைக்கிறேன். 2021 நவம்பரில் கெடா அரசு நம்பர் லாட்டரிக் கடைகளுக்கு இனி உரிமம் புதுப்பிக்கப் போவதில்லை என்றது. 2023 பிறந்தபோது மாநிலத்தில் அந்தக் கடைகள் மூடிக் கிடந்தன. நம்பர் எடுத்துக் குடும்பத்தைக் கெடுத்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். நம் தாய்மார்கள் பலர் அந்த முடிவை வாழ்த்தினார்கள் என்பதும் தெரியும். ஆனால் ஒரு மதம் கூடாது என்கிறது என்பதற்காக அந்த மதத்தில் இல்லாத வளர்ந்த மனிதனின் பாக்கெட்டில் அரசு கை விடலாம் என்று நாம் இன்றைக்குத் தலையாட்டினால், நாளைக்கு அதே கை எங்கே நீளும் என்று யோசிக்க வேண்டாமா?

இனி வலி அதிகமான பகுதி. கிளம்பும் உரிமையே இல்லாமல் போன வழக்குகள்.

லினா ஜாய் வழக்கு எல்லாருக்கும் தெரியும். அடையாள அட்டையிலிருந்து இஸ்லாம் என்ற சொல்லை எடுக்கச் சொல்லிக் கேட்ட ஒரு பெண். 2007 மே 30இல் கூட்டரசு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மறுத்தது. எதிர்த்துத் தீர்ப்பு எழுதியவர் ரிச்சர்ட் மலாஞ்சும். அரசியலமைப்பின் 11(1) எல்லாருக்கும் மத சுதந்திரம் என்கிறது. 1988இல் சேர்த்த 121(1A), ஷரியா நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்பட்டவற்றில் சிவில் நீதிமன்றம் தலையிட முடியாது என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நசுங்கியவர்களில் நம் பெண்கள் நிறைய.

ஷாமளா சத்தியசீலனின் கணவர் 2002இல் மதம் மாறினார். ஷாமளாவுக்குத் தெரியாமலே இரண்டு பிள்ளைகளையும் மாற்றினார். 2004இல் உயர் நீதிமன்றம் பிள்ளைகளைத் தாயும் தகப்பனும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றது. கூடவே ஒரு நிபந்தனை. தாய் தன் மதத்தைச் சொல்லிக் கொடுத்தாலோ, பன்றி இறைச்சி சாப்பிட வைத்தாலோ அந்த உரிமையை இழக்க நேரிடும். தன் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குத் தூங்கும் முன் ஒரு தேவாரம் சொல்லிக் கொடுப்பது குற்றத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஷாமளா பிள்ளைகளோடு நாட்டை விட்டே போனார். 2010இல் கூட்டரசு நீதிமன்றம் அதையே காரணமாக்கி வழக்கின் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் விட்டது.

ஈப்போ இந்திரா காந்தி போகவில்லை, நின்று போராடினார். 2009இல் அவர் கணவர் மூன்று பிள்ளைகளையும் மாற்றினார். கடைசிக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. 2018 ஜனவரி 29இல், பெற்றோர் இருவரும் சம்மதிக்காமல் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளும் ஒன்றாக நின்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சைனுன் அலி, ஒரு முஸ்லிம் பெண்மணி. இதை நம் ஆட்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அதனால் நான் சொல்கிறேன். பக்கத்து மாநிலம் பெர்லிசில் லோ சியூ ஹோங் என்ற தாய்க்கும் 2024இல் இதே நியாயம் கிடைத்தது. இந்திராவுக்குத் தீர்ப்புக் கிடைத்தது, கடைசி மகள் கைக்குக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நம்மில் ஒரு பகுதியினர் உடனே கேட்பது, இந்துக்களை மதம் மாற்றுவதற்கு ஒரு தடைச் சட்டம். எனக்குத் தெரிந்து, நமக்கு நாமே தேடிக்கொள்ளும் ஆபத்து இதைவிடப் பெரிதாக வேறில்லை. கெடாவில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தும் சட்டம். அரசியலமைப்பின் 11(4) அதற்கு இடம் கொடுக்கிறது. ஒரு மதத்தைச் சுற்றி வேலி போட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துக்கொண்டே நமக்கும் ஒரு வேலி கேட்பதா? தமிழ்நாட்டில் 2002இல் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டு வந்தது. தேர்தல் தோல்விக்குப் பின் 2004இல் அவரே அதைத் திரும்பப் பெற்றார். அந்தச் சட்டம் முதலில் போய்த் தட்டியிருக்கக் கூடியது யார் கதவை? எங்கள் கடைசி லயத்துக் குடும்பம் மாதிரி ஆட்களின் கதவைத்தான். நோயாளி மகனோடு ஜெபக் கூட்டத்துக்குப் போனவர், சுயபுத்தியோடு போனாரா, ஆசை காட்டி அழைத்தார்களா என்று ஒரு அதிகாரி விசாரிப்பார். அவருடைய மனசுக்குள் போய்ப் பார்க்க அந்த அதிகாரி யார்?

வேலி உள்ளே இருப்பவரையும் பாதுகாப்பதில்லை. 2017 செப்டம்பரில் துருக்கி எழுத்தாளர் முஸ்தஃபா அக்யோல் கோலாலம்பூர் வந்தார். அவர் முஸ்லிம், தனிமனித சுதந்திரவாதியும்கூட. மதத்தில் கட்டாயம் இல்லை, விட்டுப் போகிறவரை அரசு தண்டிக்கக் கூடாது என்று பேசினார். போதிக்க அனுமதிச் சீட்டு வாங்கவில்லை என்று விமான நிலையத்தில் நிறுத்தி, தடுத்து வைத்து விசாரித்து அனுப்பினார்கள். அவருடைய நூலின் மலாய் மொழிபெயர்ப்பு தடை செய்யப்பட்டது. மத அதிகாரம் அரசு அதிகாரத்தோடு சேர்ந்தால் முதல் அடி வாங்குவது அந்த மதத்துக்குள்ளேயே யோசிக்கிறவர்தான். மலாய் நண்பர்கள் பலர் இதை என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் நான் பேசுகிறேன்.

சுதந்திரம் பேசியவர்களுக்கே இந்த வேலி ஆசை இருந்திருக்கிறது. 1689இல் மத சகிப்புத்தன்மை பற்றிக் கடிதம் எழுதிய ஜான் லாக், நாத்திகருக்கு அதில் இடமில்லை என்றார். கத்தோலிக்கர்களும் அவர் கணக்கில் வரவில்லை. அவர் போட்ட கோட்டைக் காலம் அழித்தது. அவர் சொன்ன இன்னொன்று எனக்குத் தேவைப்படுகிறது. தரிசில் உழைப்பைக் கலந்தவனுக்கு அதில் சொந்தம் உண்டு என்பது. அதை வைத்துக்கொண்டு மறுபடி நிலத்துக்கு வருகிறேன்.

நண்பர்கள் என்னை மடக்கும் இடம் இது. "சொத்துரிமை சொத்துரிமைங்கறீங்க. நெலம் கம்பெனியோடது. வாங்குனவன் கோவில எடுக்கச் சொன்னா நீங்க அவன் பக்கம்தானே நிக்கணும்?"

நேர்மையான கேள்வி. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டப்படி நம் நாட்டில் அனுபவ பாத்தியதை கிடையாது. எத்தனை வருடம் ஒரு இடத்தில் இருந்தாலும், பெயர் பதிவில் இல்லையென்றால் சொந்தமில்லை. இந்தியாவில் தனியார் நிலத்தை 12 வருடம், அரசு நிலத்தை 30 வருடம் தடையில்லாமல் பகிரங்கமாக அனுபவித்தால் பழைய உரிமையாளர் கேட்கும் உரிமையை இழந்துவிடுவார். இங்கே தோட்டம் கைமாறிய அன்றைக்கு, அறுபது வருடம் தீச்சட்டி ஏந்திய இடம் ஒரே கையெழுத்தில் சட்டவிரோதக் கோவில் ஆகிவிடுகிறது. 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்துவில், ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட சண்டி என்னும் பழங்கோவில் ஒன்றை வீடமைப்பு நிறுவனம் தன் நிலத்தில் இருந்ததால் இடித்துத் தள்ளியதும் இதே நியாயத்தில்தான். பதிவேட்டில் இருப்பது மட்டுமே சொத்து என்றால், காடழித்தவன் கையும் அதைக் கோவிலாக்கியவன் கையும் கணக்கில் வராது. நான் பேசுகிற சொத்துரிமை அதைவிடப் பழையது. நிர்வாகம் பார்த்துக்கொண்டிருக்க, சம்மதத்தோடு, தொழிலாளி தன் கூலியில் கட்டி, மூன்று தலைமுறை காத்த இடத்தில் அவனுக்கு ஒரு பங்கு உரிமை பிறந்துவிட்டது. அதை வாங்குகிறவர் அந்த உரிமையோடு சேர்த்துத்தான் வாங்குகிறார். அவர் கோவிலை நகர்த்த விரும்பினால் விலை பேசட்டும்.

ஆனால் போன மாதம் சாலை ஓரத்தில் சூலம் நட்டு, இந்த மாதம் தகரம் போட்டு, அடுத்த மாதம் உண்டியல் வைத்த இடத்துக்கு இந்த வாதம் பொருந்தாது. அப்படியும் சில இருக்கின்றன, நமக்கே தெரியும். அடுத்தவர் நிலத்தில் சாமி பெயரால் வேலி போடுவதும் கை வைப்பதுதான். பழைய தோட்டக் கோவில்களின் நியாயத்தை இந்தப் புதுக் கொட்டகைகள்தான் கெடுக்கின்றன.

2025 மார்ச்சில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துத் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோவில் விஷயம் வெடித்தது. 130 வருடப் பழமை சொல்லப்படும் கோவில். நிலத்தை 2014இல் ஜேக்கல் துணி நிறுவனம் மாநகர் மன்றத்திடமிருந்து வாங்கியிருந்தது. அங்கே பள்ளிவாசல் கட்டத் திட்டம். கடைசியில் பக்கத்திலேயே வேறு இடம், இடமாற்றச் செலவு நிறுவனத்துடையது என்று முடிந்தது. எல்லாரும் ஜேக்கலைத் திட்டினார்கள். வாங்கிய நிலத்தில் பத்து வருடம் பொறுத்து, பேசி, செலவும் ஏற்றுக்கொண்ட நிறுவனத்தை நான் திட்ட மாட்டேன். கோவில் நிற்கிறது என்று தெரிந்தே, கோவிலிடம் முதலில் கேட்காமல் நிலத்தை விற்ற மாநகர் மன்றத்தின் செயல்தான் தவறு. விலை கொடுத்து வாங்கும் வாய்ப்பைப் பக்தர்களுக்குக் கொடுத்திருந்தால் இந்தக் கூச்சலே வந்திருக்காது.

தேர்தலுக்குத் தேர்தல் நம் கோவில்களுக்கு மானியம் வருகிறது. பெரிய அட்டைக் காசோலை, மாலை, படம். அந்த ஐயாயிரம் வெள்ளியை வாங்கி வண்ணம் அடித்துவிட்டு அடுத்த தேர்தல் வரை நன்றியோடு இருக்கிறோம். மானியம் கொடுக்கிற கைக்கு நிறுத்தவும் தெரியும். அந்தப் பணத்தைக் கேட்பதை விடுங்கள். நிலத்தைக் கேளுங்கள், சும்மா வேண்டாம், நியாய விலைக்குக் கேளுங்கள். நூறு குடும்பம் மாதம் இருபது வெள்ளி போட்டால் வருடத்துக்கு 24,000 வெள்ளி. தோட்டத்தில் கட்டாயப் பிடித்தம் செய்ததை இங்கே மனம் விரும்பிக் கொடுக்கட்டும். கொடுக்காதவரை விட்டுவிடுங்கள்.

கெடாவில் கோவில் பொறுப்பில் இருக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரமே நில அலுவலகத்துக்குப் போய், உங்கள் கோவில் நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு சாரியான், அதாவது பதிவுத் தேடல், எடுத்துப் பாருங்கள். கம்பெனி பெயரிலோ அரசு பெயரிலோ இருந்தால், உங்கள் சங்கம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்த நிலத்தை வாங்கவோ ஒதுக்கித் தரவோ எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். தோட்டம் விற்பனைக்கு வந்த பிறகு ஓடினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.